சுவருக்குள் போகிற ஒயர்

கலவை அரை மணி நேரம்தான் தாங்கும் என்று கொத்தனார் ஆறுச்சாமி சொல்லி ஐந்து நிமிடம் போய்விட்டது. நான் இன்னும் கவிழ்த்துப் போட்ட பெயிண்ட் வாளிமேல் உட்கார்ந்து, மடியில் கிடக்கும் இரண்டு ஒயர்ச் சுருள்களை மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். வலது தொடைமேல் பதினாலு கேஜ், இடது தொடைமேல் பதினாறு கேஜ். எண் குறைந்தால் கம்பி தடிக்கும், அது ஒன்றும் எனக்குப் புதிய சங்கதி இல்லை. ஒயர் போகச் சுவரில் நீளப் பள்ளமாகக் காடி வெட்டியாயிற்று. திரை வரப்போகும் இடத்தில் ஆரம்பித்து, பக்கச் சுவர் முழுக்க ஓடி, பின்சுவரில் ஸ்பீக்கர் மாட்டும் இடத்தில் போய் முடிகிறது. பன்னிரண்டு மீட்டர். மெல்லிய ஒயர் என்றால் காடியில் பைப்பை வைத்து, ஒயரை அதற்குள் விட்டு, மேலே பூசிவிடலாம்; நாளைக்கே பிடிக்கவில்லை என்றாலும் உருவிவிட்டு வேறு போட்டுக்கொள்ளலாம். தடித்த ஒயர் அந்தப் பைப்பில் இரண்டு வளைவைத் தாண்டிப் போகாது. அதை வெறும் காடியில் படுக்க வைத்துப் பூசிவிட வேண்டியதுதான். பூசினால் பூசியதுதான், இந்தச் சுவர் இருக்கும்வரை அது உள்ளே கிடக்கும். பெரிய பைப்பாகப் போடலாமே என்று கேட்டேன். இது நாலரை இஞ்ச் சுவருங்க, இன்னும் ஆழமா வெட்டினா கைய விட்டு அந்தப் பக்கம் இருக்கறவங்களுக்குக் கும்பிடு போடலாம் என்றார் ஆறுச்சாமி. அவருக்கு நக்கல் அதிகம். நாளையிலிருந்து அவர் பல்லடம் ரோட்டில் வேறு வேலைக்குப் போகிறார், இன்றைக்கு விட்டால் கிரகப்பிரவேசம் முடிந்துதான் ஆளைப் பிடிக்க முடியும். தடித்ததா, மெல்லியதா. ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவர் பூசிவிட்டுப் போய்விடுவார். அந்த ஒரு வார்த்தை வரமாட்டேன் என்கிறது.

வெட்கக்கேடு என்னவென்றால், நான் மின்வாரியத்தில் முப்பத்துநாலு வருஷம் கம்பியோடு குடித்தனம் நடத்தியவன். ஹெல்பராக ஏறியவன் லைன் இன்ஸ்பெக்டராக இறங்கினேன். தூரத்திலிருந்து பார்த்தே கம்பியின் தொய்வு எத்தனை அடி என்று சொல்வேன். போன வாரம் கோயமுத்தூர்க் கடையில் தாமிரம் என்று ஒன்றைத் தூக்கி நீட்டினார்கள், நகத்தால் சுரண்டினேன், உள்ளே வெள்ளை வெளேர் என்று அலுமினியம். முலாம் பூசியதைக் கொண்டுவந்து என்னிடம், இந்தத் தெய்வசிகாமணியிடம் நீட்டினால் எப்படி. அப்புறம்தான் உள்ளறையிலிருந்து இந்த இரண்டையும் எடுத்துக்கொண்டு வந்தார்கள், இரண்டும் சுத்தத் தாமிரம், இரண்டும் சுவருக்குள் போடுவதற்கென்றே மேலுறை போட்டு வருவது, தீ பிடித்தாலும் பரவாதாம். எதை எடுப்பது என்று கேட்டதற்கு, ரெண்டும் நல்லதுதானுங்க என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைப் பார்க்கப் போய்விட்டார் கடைக்காரர். இரண்டையும் வாங்கிக்கொண்டு வந்தேன். கணக்குப் போட்டும் பார்த்தாயிற்று. போக பன்னிரண்டு, வர பன்னிரண்டு, இருபத்துநாலு மீட்டர். தடித்ததில் தடை ஓமில் ஐந்தில் ஒரு பங்கு, மெல்லியதில் மூன்றில் ஒரு பங்கு. எட்டு ஓம் ஸ்பீக்கருக்கு இது கால்தூசு. எழுதி, அடித்து, மறுபடி எழுதி, காலண்டர் தாளின் பின்பக்கம் முழுக்க எழுதினேன், ஒவ்வொரு தடவையும் அதே விடைதான். மனுஷக் காதுக்கு வித்தியாசமே தெரியாது. சரி, எந்த மனுஷனின் காதுக்கு? என் காதுக்குத் தெரியாது, கடைக்காரர் காதுக்குத் தெரியாது, ஆறுச்சாமிக்குச் செவுட்டில் அறைந்தாலும் தெரியாது. ஆனால் இந்த அறைக்குள் வந்து உட்காரப் போகிற ஒரு காது எனக்குத் தெரியும். அந்தக் காதை நினைத்துத்தான் உட்கார்ந்த இடத்தை விட்டு என்னால் எழுந்திருக்க முடியவில்லை.

என் மகள் சிந்துஜாவுக்கு அப்போது ஆறு வயது இருக்கும். பள்ளிக்கூடத்திலிருந்து அழைத்துக்கொண்டு வரும் வழியில் ஒரு டிரான்ஸ்பார்மரைப் பார்க்க வண்டியை நிறுத்தினேன். ஃபியூஸ் போன இடத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பினால், பையை முதுகில் சுமந்தபடி வேலிக்குப் பக்கத்தில் கழுத்தைச் சாய்த்து நிற்கிறாள். அப்பா இது பாடுது என்றாள். அது பாடவில்லை கண்ணு, அதிருது, பக்கத்துல நிக்காதே என்று கையைப் பிடித்து இழுத்தேன். வீட்டுக்கு வந்ததும் நேராகப் போய் ஃபிரிட்ஜில் காதை வைத்தாள். வாயை மூடிக்கொண்டு ம்ம்ம் என்றாள். இதுவும் அதுவும் ஒண்ணுதான் என்றாள். நான் காக்கிச் சட்டைப் பித்தானைக் கழற்றிக்கொண்டு நின்றவன் அப்படியே நின்றுவிட்டேன். அவள் சொன்னது சரி. இரண்டையும் அதிர வைப்பது ஒரே கரண்ட்தான், ஒரே வேகம்தான். ஊரிலிருக்கிற டிரான்ஸ்பார்மர், ஃபிரிட்ஜ், டியூப்லைட் சோக், மாவு மில்லு, எல்லாம் ஒரே சுருதியில் முனகிக்கொண்டிருக்கின்றன, அதை மாதம் தவறாமல் சம்பளம் வாங்கிக்கொண்டு ஓட்டிக்கொண்டிருக்கிற எனக்கு அது காதில் விழவே இல்லை, ஒண்ணாம் வகுப்புப் பிள்ளைக்கு விழுந்துவிட்டது. அன்றைக்கு அவளைத் தூக்கி ஒரு முத்தமாவது கொடுத்திருக்கலாம். சோறு தின்னு, வீட்டுப்பாடம் எழுது என்றேன். அதைத்தான் சொல்லத் தெரிந்தது. அப்புறம் இன்ஜினியரிங் படித்தாள், கேம்பஸிலேயே வேலை கிடைத்தது, எட்டே மாதத்தில் அதை விட்டுவிட்டுச் சென்னையில் ஒரு ஒலிக்கூடத்தில் போய்ச் சேர்ந்தாள். சினிமாவில் ஆள் நடந்தால் நடக்கிற சத்தம், கதவு திறந்தால் திறக்கிற சத்தம், காற்று, மழை, எல்லாம் தனியாகப் பதிந்து சேர்ப்பார்களாம். என் மனைவி வசந்தாமணி எனக்கு இரண்டு தடவை விளக்கிச் சொன்னாள். எனக்குப் புரிந்ததெல்லாம் கம்பெனி வேலை போயிற்று என்பதுதான்.

ஆறுச்சாமி கலவையில் கொஞ்சம் தண்ணீர் தெளித்துக் கரண்டியால் புரட்டிவிட்டு, என்னங்க முடிவு என்று கேட்டார். கொஞ்சம் இருங்க என்றேன். கொஞ்சம் இருக்கறதுக்கு நான் ரெடிங்க, சிமெண்ட்டு கேக்காதே என்றார். சுவரில் கடியாரம் இல்லாத அறையில் அந்தக் கலவைதான் கடியாரம், ஓரமெல்லாம் நிறம் மாறத் தொடங்கிவிட்டது. இப்போது போய் எதற்கு அந்தக் கல்யாணம் ஞாபகம் வருகிறது. வசந்தாமணியின் அண்ணன் மகள் கல்யாணம். மண்டபத்தின் கடைசி வரிசையில் மாப்பிள்ளை வீட்டுக்காரர் ஒருவர், சிமெண்ட் வியாபாரம், கழுத்தில் வடச் சங்கிலி, என் பக்கம் சாய்ந்து, பொண்ணு என்ன பண்ணுது என்று கேட்டார். சிந்துஜா மேடைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள், எனக்கும் அவளுக்கும் நடுவில் இருநூறு நாற்காலி. தாலி கட்டும் நேரம். கெட்டிமேளம் தொடங்கியது. தவிலும் நாதஸ்வரமும் கூரையைப் பிய்த்துக்கொண்டிருந்தன, அட்சதை பறந்தது, பக்கத்தில் இருப்பவர் காதிலேயே விழாது என்கிற தைரியத்தில், மெட்ராஸ்ல கம்ப்யூட்டர் கம்பெனிங்க என்று சொன்னேன். எதற்குச் சொன்னேன்? சத்தம் சேர்க்கிற வேலை என்று சொன்னால் அவர் இன்னொரு கேள்வி கேட்பார், அதற்கு என்னிடம் பதில் இல்லை. இப்படிச் சொல்லித்தான் இரண்டு வருஷமாக என்னைச் சமாதானப்படுத்திக்கொள்கிறேன். மழுப்ப வேண்டாம். வெட்கப்பட்டேன். என் பிள்ளையைச் சொல்ல வெட்கப்பட்டேன். திரும்பி வரும்போது காரில் பின்சீட்டிலிருந்து அவள் ரொம்ப அமைதியாகச் சொன்னாள்.

"கெட்டிமேளத்துக்குள்ளயும் உங்க குரல் எனக்குத் தனியாக் கேக்குமுங்கப்பா."

அவ்வளவுதான். கோபமாகப் பேசியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தி, அழுது, எப்படியாவது தீர்த்திருப்பேன். அன்றிலிருந்து அம்மாவுக்குத்தான் போன். அப்பா மாத்திரை போட்டாரா என்று கேட்பாள், வசந்தாமணியின் காதிலிருந்து ஒழுகும் அந்தக் குரலை நான் பேப்பர் படிப்பதுபோல் உட்கார்ந்து பொறுக்கிக்கொள்வேன். அவளுக்கு எப்படிக் கேட்டிருக்கும்? அதை நினைக்க நினைக்க இன்னும் உடம்பு புல்லரிக்கிறது. அத்தனை தவில், அத்தனை வாய், அதற்குள் எங்கோ ஒரு மூலையில் ஒருவன் ரகசியமாகச் சொன்ன பொய். வேண்டியதை மட்டும் அந்தக் காது எடுத்துக்கொண்டது. வேண்டாததையும்தான்.

போன ஆடியில் அவள் வேலை செய்த படம் வந்தது. பென்ஷன் நேர்காணல் என்று வசந்தாமணியிடம் சொல்லிவிட்டு (அந்தப் பொய்யும் என் கணக்கில்தான்) பஸ் ஏறிக் கோயமுத்தூர் போய் மதியக் காட்சிக்கு உட்கார்ந்தேன். கதை என்னவோ, ஒரு குடும்பம், ஒரு நிலத் தகராறு. பாதிப் படத்தில் மழை வந்தது. முதலில் ஒரு சொட்டு, எனக்கு வலது பின்பக்கம், தகரத்தில். யார் தலையிலோ ஒழுகுகிறது என்று திரும்பிப் பார்த்தேன். அப்புறம் இடது பக்கம் வாழை இலையில் நாலைந்து. அப்புறம் மண்ணில், அப்புறம் எங்கும். செருப்பு நனையாமல் இருக்கக் காலைத் தூக்கி நாற்காலிமேல் வைத்துக்கொண்டேன், பக்கத்தில் இருந்த பெண் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். மழை எனக்குப் பிடிக்காது. லைன்காரனுக்கு மழை என்றால் போன் வரும், கம்பம் சாயும், கூட வேலை செய்தவன் ஒருவனை அப்படி ஒரு மழையில்தான் கீழே இறக்கிக் கிடத்தினோம். ஆனால் இது வேறு. இருட்டில் ஐந்நூறு பேர் மூச்சை அடக்கிக்கொண்டு என் மகள் பெய்ய வைத்த மழையில் உட்கார்ந்திருந்தார்கள். அப்போதுதான் அது கேட்டது. மழைக்கு அடியில், ரொம்பத் தூரத்தில், சிர்ர் என்று ஒரு சீறல். கம்பத்தின் நனைந்த பீங்கானில் உயர் அழுத்தக் கம்பி போடுகிற சத்தம். அது லைன்காரனுக்கு மட்டும் தெரிந்த சத்தம், அது கேட்டால் ஏணியைத் தொடமாட்டோம். திரையில் கம்பமும் இல்லை, கம்பியும் இல்லை. கதைக்கும் அது வேண்டியதில்லை. யாரும் கேட்டு அதைப் போட்டிருக்க முடியாது. மழை நாளில் என் வண்டியில் பின்னால் உட்கார்ந்து, என் முதுகைக் கட்டிக்கொண்டு வந்த ஒரு பிள்ளை அதைக் கேட்டு எங்கேயோ பத்திரமாக வைத்திருந்திருக்கிறாள். படம் முடிந்து பெயர்கள் ஓடும்போது எல்லோரும் எழுந்து போய்விட்டார்கள், கூட்டுகிற அம்மாக்கள் வந்துவிட்டார்கள், எழுத்து சின்னது, வேகம் அதிகம், என்னால் பிடிக்க முடியவில்லை. அடுத்த வாரம் இன்னொரு நேர்காணல் என்று சொல்லிவிட்டு மறுபடி போனேன், முதல் வரிசையில் உட்கார்ந்தேன். தெ. சிந்துஜா. அந்த ஒற்றை எழுத்து தெ, அது நான்தான்.

அதற்கப்புறம்தான் மாடியில் சாமான் அறை என்று போட்டிருந்ததை ஹோம் தியேட்டர் என்று மாற்றினேன். கிரிக்கெட் பார்க்க என்று எல்லோரிடமும் சொல்லிவைத்தேன். ஆயுசில் ஒரு மேட்ச் முழுசாகப் பார்த்ததில்லை என்பது வசந்தாமணிக்குத் தெரியும், அவள் சிரித்துக்கொண்டு போய்விட்டாள். கிரகப்பிரவேசத்துக்கு அரை நாள் வருகிறேன் என்று அவளிடம் சிந்துஜா சொல்லியிருக்கிறாள். அரை நாள். காலை ஹோமப் புகையில் ஒரு மூலையில் நிற்பாள், சாப்பிடுவாள், அதற்குள் அவளை எப்படியாவது இந்த அறைக்கு ஏற்றி, அந்தப் படத்தைப் போட்டு, பின்னால் தள்ளி உட்கார்ந்துகொள்ள வேண்டும். நான் வாயால் எதையும் சொல்லப் போவதில்லை, என் வாயின் லட்சணம் தெரிந்ததுதான். அறை சொல்லட்டும். அதனால்தான் எல்லாம் இந்த ஒயரில் வந்து மாட்டிக்கொண்டு நிற்கிறது. கையில் சுருளை உருட்டிப் பார்க்கிறேன். முப்பத்துநாலு வருஷம் நான் காவல் காத்த கம்பிகளில் போனது ஒரே ஒரு முனகல், வேறொன்றும் தெரியாத கரண்ட். இந்தச் சின்னக் கம்பியில் இடி போகிறது, கொலுசு போகிறது, ஒரு கிழவி இருமுவது போகிறது, எல்லாம் ஒரே நொடியில், ஒன்றை ஒன்று இடித்துக்கொள்ளாமல், இந்த முனையில் ஏறி அந்த முனையில் தனித்தனியாக இறங்குகிறது. யார் பிரித்து வைக்கிறார்கள் அதையெல்லாம்? படித்துப் பார்த்தேன், கணக்குப் புரிகிறது. கணக்கு புரிந்த பிறகுதான் ஆச்சரியம் இன்னும் அதிகமாகிறது. கைவிரல் தடிமன்கூட இல்லாத ஒயருக்குள் ஒரு மழைக்காலமே போய்வரும். அதில் ஒரு இழை குறைந்தால், அந்தச் சீறல் பின்சுவருக்கு வந்து சேராமல் வழியிலேயே தேய்ந்துவிட்டால்? அவளுக்குத் தெரியும். தெரிந்தாலும் சொல்லமாட்டாள், நல்லாருக்குதுங்கப்பா என்று சொல்லிவிட்டு மூன்றரை மணி ரயிலைப் பிடித்துவிடுவாள். அப்படியென்றால் தடித்ததையே போட்டுவிடலாம். போட்டுவிட்டு அது சரியில்லை என்றால்? சுவருக்குள் போனது போனதுதான். எடுத்து வேறு மாற்ற முடியாத ஒன்றை ஏற்கெனவே ஒரு தடவை சொல்லிப் பார்த்தவன் நான்.

ஆறுச்சாமி கரண்டியைக் கலவையில் குத்தி நிறுத்தினார். இன்னும் பத்து நிமிஷம், அப்புறம் இதை அள்ளி ரோட்டுக் குழியில கொட்ட வேண்டியதுதானுங்க என்றார். கேட்டால் ஒரே நொடியில் சொல்லிவிடுகிற ஆள் ஒருத்தி இருக்கிறாள் என்று யோசிக்காமல் வாயில் வந்துவிட்டது. யாருங்க என்றார். என் பொண்ணுங்க என்றேன். என்ன வேலைங்க பண்ணுது? அறைக்குள் மேளம் இல்லை, கூட்டம் இல்லை. சினிமாவுக்குச் சத்தம் அமைக்கிற வேலைங்க, மழையெல்லாம் அவதான் பெய்ய வைக்கிறா என்றேன். அட என்று சொல்லிவிட்டு, பின்னே இத்தனை நேரம் பையில போனை வெச்சுக்கிட்டு எதுக்குங்க உக்காந்திருக்கறீங்க என்றார். நியாயமான கேள்விதான். சொல்லிவிட்டேன், இவ்வளவு லேசாக இருக்கிறது, இதையா அன்றைக்கு மென்று விழுங்கினேன். அவள் பெயரைத் தேடி எடுத்து அழுத்தினேன். மணி அடிக்கும்போதே வைத்துவிடலாம் என்று கட்டைவிரல் போயிற்று, அதற்குள் எடுத்துவிட்டாள்.

"அப்பா? அம்மாவுக்கு என்னாச்சுங்க?"

அம்மாவுக்கு ஒன்றுமில்லை, கீழே ஆட்களுக்கு டீ ஊற்றிக்கொண்டிருக்கிறாள் என்றேன். அப்புறம் ஃபால்ட் ரிப்போர்ட் கொடுக்கிற குரலில், ஸ்பீக்கர் ஒயர், சுவருக்குள் போவது, பன்னிரண்டு மீட்டர், பதினாலா பதினாறா என்று ஒரே மூச்சில் கேட்டுவிட்டு நின்றேன். யார் வீட்டுக்கு என்று கேட்டாள். நம்ம வீட்டுக்குத்தான் என்றேன். கிரிக்கெட் பார்க்கவா என்றாள், அம்மா சொல்லியிருக்கிறாள். ஆமாம் என்று சொல்ல வாய் திறந்தது. ஆறுச்சாமி என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கிரிக்கெட் இல்ல கண்ணு. உன் மழையை ரெண்டு தடவை போயிக் கேட்டேன். மழைக்கு அடியில நம்ம லைன் சீறுச்சு. அதை வீட்டுல வெச்சுக் கேக்கோணும்."

அவள் மூச்சு மட்டும் வந்தது, அதில் என்ன இருக்கிறது என்று எனக்குப் படிக்கத் தெரியவில்லை. என் மூச்சில் இருப்பதை அவள் படித்துக்கொண்டிருப்பாள், ஒன்று விடாமல். அது தெரிந்தும் போனைக் காதிலிருந்து எடுக்கத் தோன்றவில்லை. கேட்கட்டும் என்றிருந்தது. ஸ்பீக்கர் ஒயரிலிருந்து கரண்ட் லைன் எத்தனை அடி தள்ளிப் போகிறது என்று கேட்டாள். ஓரடி தள்ளி, அதன் முனகல் இதில் ஏறாது என்றேன். உங்களுக்கு அதைச் சொல்லணுமா என்றாள்.

"பதினாறு போதுமுங்கப்பா. பைப்புக்குள்ளயே விடுங்க. சரியில்லைன்னா நான் வந்து உருவி மாத்திக்கறேன்."

ஆறுச்சாமிக்கு இடது தொடைமேல் இருந்த பதினாறு கேஜ் சுருளைத் தூக்கிக் காட்டினேன். அப்பாடா என்று பைப்பை எடுத்தார். நான் வந்து என்றாளே, அரை நாள் என்று சொல்லவில்லையே, அதையே பிடித்துக்கொண்டு நான் நிற்கும்போது, வெச்சுராதீங்க என்றாள். ரூம் காலியா இருக்குதா, திரை, சோபா ஏதாவது போட்டிருக்கா என்று கேட்டாள். ஒரு வாளிதான் இருக்கிறது என்றேன். வாளியையும் கொத்தனாரையும் ஓரமாகப் போகச் சொல்லுங்க என்றாள். போனை ஸ்பீக்கரில் போட்டுக் கீழே வைத்துவிட்டு, நடு அறையில் நின்று, பலமாக ஒரே ஒரு தடவை கையைத் தட்டச் சொன்னாள். புது அறைக்குப் போனால் நாங்கள் முதலில் செய்வது இதுதான், தட்டினால் அந்த அறை தன்னைப் பற்றி எல்லாம் சொல்லிவிடும் என்றாள். இருநூற்றைம்பது மைலுக்கு அப்பால் இருக்கிறாள், இங்கிருந்து ஒரு தட்டுத் தட்டினால் இந்த நாலு சுவரும் அவளுக்குத் தெரிந்துவிடுமாம். நம்பினேன். போனைத் தரையில் வைத்தேன். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நடுவில் போய் நின்றேன், தட்டினேன். பளீரென்று நாலு பக்கமும் மோதித் திரும்பியது. தரையிலிருந்து, இன்னொரு தடவை என்றாள். தட்டினேன். அவள் சொல்லாமலே மறுபடியும் தட்டினேன். அப்புறம் இன்னொரு தடவை, அப்புறம் எண்ணவில்லை. உள்ளங்கை எரிகிறது, கண்ணாடி மூக்கிலிருந்து சரிகிறது, பைப்பும் கையுமாக ஆறுச்சாமி திரும்பிப் பார்க்கிறார், கீழே வசந்தாமணி என்னங்க சத்தம் என்று கேட்டுக்கொண்டே படியேறி வருகிறாள். தட்டிக்கொண்டே இருக்கிறேன், போதும் என்று சொல்லாமல் தரையிலிருந்து அவள் கேட்டுக்கொண்டே இருக்கிறாள்.